கெய்சர் ஏன் சுடவில்லை? வோல்ட், ஆம்பியர் கொண்டு ஓமும் வாட்டும் கணக்கிடும் முறை

கோத்தகிரிப் பக்கம் மார்கழிக் காலையில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "கரண்ட் கம்மியா வருது." லைட் மங்கினாலும் அதே வார்த்தை, கெய்சரில் தண்ணீர் சுடாவிட்டாலும் அதே வார்த்தை, மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றாலும் அதேதான். "கரண்ட் போச்சு" என்றால் சப்ளை நின்றுவிட்டது. "கரண்ட் அடிச்சிருச்சு" என்றால் ஷாக். "கரண்ட் பில்" என்றால் யூனிட் கணக்கு. பேச்சுக்கு இது போதும், யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தால் இந்த ஒரே சொல்லை நான்காகப் பிரித்தாக வேண்டும். வயரிங் வேலை கற்க வரும் பிள்ளைகள் பெருக்கல், வகுத்தலில் தடுமாறி நான் பார்த்ததில்லை. இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

நான்கு சொற்கள், ஒரு ஹோஸ்

மலையில் இருப்பவர்களுக்கு விளக்கக் கறுப்பு ஹோஸ் ஒன்று போதும். மேலே சோலையோரத்தில் ஊற்று. அங்கிருந்து தேயிலைச் சரிவு வழியாக ஹோஸ் இழுத்து வீட்டுத் தொட்டியில் விட்டிருப்பார்கள். ஊற்று எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு அழுத்தம். அது மின்னழுத்தம், அளவு வோல்ட். தொட்டியில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் விழுகிறதோ அது மின்னோட்டம், அளவு ஆம்பியர். ஹோஸ் சின்னதாக இருந்தாலோ, ரொம்ப நீளமாகப் போனாலோ, நடுவில் எங்கேயாவது மடங்கிக் கிடந்தாலோ தண்ணீர் குறையும். அந்தத் தடுப்புதான் மின்தடை, அளவு ஓம்.

நான்காவது மின்திறன், அளவு வாட். இதற்கு உயரம் மட்டும் போதாது, தண்ணீரின் அளவு மட்டும் போதாது, இரண்டும் வேண்டும். பைக்காரா மின்திட்டம் 1932 முதல் ஓடுகிறது. அங்கே தண்ணீர் 900 மீட்டருக்கு மேல் இறங்கிச் சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சக்கரம் அசையாது. உயரத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால்தான் வேலை. கம்பிக்குள்ளும் அதே கதைதான்.

இப்போது இரண்டே வரிகள்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

முதல் வரியை 1827-இல் வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம். அவர் பெயரே அளவுக்கும் ஆகிவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு கிடைக்கும்:

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னழுத்தம் ÷ மின்தடை
மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

நான்கையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் இரண்டு கைவசம் இருந்தால் மற்ற இரண்டையும் துண்டுச் சீட்டில் வருவித்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மீட்டர் மில்லிஆம்பியரில் காட்டினால் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்கிய பிறகே கணக்கில் போட வேண்டும். 250 மில்லிஆம்பியர் என்றால் 0.25 ஆம்பியர். விடை ஆயிரம் மடங்கு தப்பி வந்தால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

முதல் பழக்கம் 12 வோல்ட்டில்

நேராக வீட்டு லைனில் கை வைக்காதீர்கள். 230 வோல்ட் தவறை மன்னிக்காது. பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று, பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, நடுவில் போட 3 ஆம்பியர் பியூஸ் ஒன்று, இவ்வளவு போதும். பல்பு எல்இடியாக இருக்கக் கூடாது, உள்ளே இழை தெரியும் பழைய வகை, 12 வோல்ட் 10 வாட் என்று எழுதியது.

வோல்ட் அளக்க மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, எரியும் பல்பின் இரண்டு முனையிலும் தொட வேண்டும். ஆம்பியர் அளப்பது அப்படி இல்லை. ஓடுகிற அளவு மீட்டருக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும், அதனால் ஒரு ஒயரை விடுவித்து அந்த இடைவெளியில் மீட்டரைச் சேர்க்க வேண்டும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற மறக்காதீர்கள். அளந்து முடித்த கையோடு அதைத் திரும்ப வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஆம்பியர் துளையில் முனை இருக்கும்போது மீட்டர் வெறும் கம்பித் துண்டு மாதிரிதான். அந்த நிலையில் வோல்ட் பார்க்கலாம் என்று சாக்கெட்டில் குத்தினால் அது நேரடி ஷார்ட். மீட்டர் கையிலேயே வெடிக்கலாம்.

சரி, அளந்தால் இப்படி ஏதாவது வரும்: 12.3 வோல்ட், 0.82 ஆம்பியர். வகுத்தால் 15 ஓம். பெருக்கினால் 10.1 வாட். பல்பில் எழுதியிருப்பதும் 10 வாட், ஆகக் கணக்கு சரி.

இனி பல்பைத் தனியாகக் கழற்றி ஆறவிட்டு, மீட்டரை ஓமில் வைத்து நேராக அளந்து பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம் என்பதுபோல ஏதோ காட்டும். அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை, கழித்துவிட வேண்டும். பல்பு 1.6 காட்டினால் உண்மை 1.3 ஓம்தான். 15 ஓம் எங்கே, 1.3 எங்கே? மீட்டர் கெட்டுப்போகவில்லை. டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் கனலும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆறிய பல்பின் ஓமை வைத்து வாட் கணக்கிட்டால் 116 வாட் என்று வரும், முழுத் தப்பு. ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுப்பதுதான் நம்பகமான வழி என்பதற்கு இந்த ஒரு பல்பே போதும்.

கெய்சர் தகட்டைப் படிப்பது

கெய்சர், இமர்ஷன் ராடு, ரூம் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி, இவற்றுக்குள் இருக்கும் காயில் பல்பு இழை மாதிரி இல்லை. நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் தடை சில சதவீதம்தான் மாறும், நம் கணக்குக்கு மாறவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது: சூடேற்றும் சாதனத்தில் மாறாமல் இருப்பது ஓம். வாட் அல்ல.

தகட்டில் '2000 வாட், 230 வோல்ட்' என்று இருக்கிறதா? 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26.45 ஓம். இதுதான் அந்தக் கெய்சரின் ஜாதகம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். ஆக 6 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டவே கூடாது, 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 230 × 6 = 1380 வாட் வரைதான். 1500 வாட் இமர்ஷன் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும், அதுவும் சின்ன பிளக்குக்கு ஆகாது. ஊட்டி, கொடைக்கானல் தங்கும் அறைகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ரூம் ஹீட்டரையும் கெட்டிலையும் சேர்த்து மாட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஹீட்டர் 2000, கெட்டில் 1500, கூட்டினால் 3500 வாட், 15 ஆம்பியருக்கு மேல். அந்தப் பெட்டியின் ஒயரோ பெரும்பாலும் மெல்லியது.

வோல்ட்டேஜ் இறங்கினால் என்ன ஆகும்? 230-க்குப் பதில் 190 வந்தால் வோல்ட்டில் 17 சதவீதம்தான் குறைவு. ஆனால் வாட் கணக்கில் வோல்ட் இரண்டு முறை பெருக்கப்படுகிறதே! 190 × 190 ÷ 26.45 = 1365 வாட். 2000-இல் மூன்றில் ஒரு பங்கு காணோம். வோல்ட்டேஜ் ஏறினாலும் இப்படியே: 245 வந்தால் 2270 வாட்.

இதே கணக்கை எல்லாவற்றுக்கும் போட முடியாது. பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் காற்றாடி, இவையெல்லாம் மோட்டார். அங்கே வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் இல்லை, அதைவிட அதிகமான ஒரு எண். பவர் பேக்டர் என்ற, ஒன்றுக்குக் குறைவான எண்ணையும் சேர்த்துப் பெருக்கினால்தான் உண்மையான வாட் வரும், மூன்று பேஸ் என்றால் கணக்கே வேறு. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இண்டக்ஷன் அடுப்பு இவற்றில் உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருப்பதால் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து ஓம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. சூடு கொடுக்கவே செய்த சாதனங்களுக்கும் ஒயருக்கும்தான் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

தோட்டத்துக்குள் ஒரு வீடு

இனி நான் அளந்த ஒரு கெய்சரின் கதை. கோத்தகிரியிலிருந்து இறங்கும் ஒரு சரிவில், வீட்டிலிருந்து தள்ளித் தேயிலைக்கு நடுவே, விருந்தினர் தங்க இரண்டு அறை கட்டியிருந்தார் ஒரு அம்மா. 15 லிட்டர் கெய்சர், 2000 வாட். அரை மணி நேரம் போட்டாலும் இரண்டு பேர் குளிக்கத் தண்ணீர் சுடவில்லை என்று வருகிறவர்கள் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"தம்பி, கரண்ட் கம்மியா வருது. மூவாயிரம் வாட் கெய்சரா வாங்கி மாட்டிரலாமா?"

"இருங்கம்மா. அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

முதலில் கெய்சரையே சந்தேகப்பட்டேன். அந்த லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு யாரும் தெரியாமல் சொருகிவிடக் கூடாது. சாக்கெட்டில் சப்ளை இல்லை என்பதை மீட்டரில் பார்த்தபிறகு காயிலின் இரண்டு ஒயரையும் விடுவித்து ஓம் அளந்தேன். 26.7 காட்டியது, மீட்டர் ஒயருக்கு 0.3 போக 26.4. தகட்டுக் கணக்கு 26.45. காயிலுக்கும் கெய்சர் உடம்புக்கும் இடையே அளந்தால் எதுவும் காட்டவில்லை, காட்டவும் கூடாது. கெய்சரில் கோளாறு இல்லை.

அடுத்து ஓடும்போது அளப்பது. ஒயரை அறுக்காமல் ஆம்பியர் பார்க்க கிளாம்ப் மீட்டர் வேண்டும். அதன் வாய்க்குள் பேஸ் ஒயர் ஒன்று மட்டும் இருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து உள்ளே போனால், போகிற ஓட்டமும் திரும்புகிற ஓட்டமும் ஒன்றையொன்று அழித்து மீட்டர் பூஜ்யம் காட்டும். புதிதாக வாங்கியவர்கள் மீட்டர் கெட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போவது இதனால்தான். மெயின் போர்டைத் திறந்து உயிர் உள்ள ஒயரிடம் போகும் இந்தப் பகுதியை லைசென்ஸ் உள்ள வயர்மேன் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். தரை ஈரமாக இருக்கும் நாளில் அவர் இருந்தாலும் வேண்டாம்.

அந்த அம்மாவின் மகனை மீட்டர் போர்டு அருகில் நிறுத்தினேன். நான் அறையில், சாக்கெட் பக்கம். கெய்சர் ஓடுகிறது. போனில் கேட்டேன்:

"தம்பி, இப்ப எவ்வளவு காட்டுது?"

"இருநூத்தி இருபதுண்ணா. கிளாம்ப்ல ஏழே கால்."

என் கையில் இருந்த மீட்டர் 192 வோல்ட் காட்டியது.

இந்த மூன்று எண்ணும் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. 192 ÷ 7.25 = 26.5 ஓம். காயில் நல்ல நிலையில் இருப்பது மறுபடி உறுதி. 192 × 7.25 = 1392 வாட். கெய்சருக்குப் போய்ச் சேர்வது அவ்வளவுதான். 15 லிட்டர் தண்ணீரை 12 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு ஏற்ற 2000 வாட்டில் சுமார் 16 நிமிடம் போதும். 1392 வாட்டில் 23 நிமிடம் ஆகும், டேங்கும் குழாயும் இழுத்துக்கொள்ளும் சூடு தனி.

தெருவிலிருந்து வருவது 220. அது மோசமில்லை. அப்படியானால் 28 வோல்ட் எங்கே போனது? போர்டுக்கும் அறைக்கும் நடுவில். 28 ÷ 7.25 = 3.86 ஓம். வழியில் இவ்வளவு தடை ஒளிந்திருக்கிறது.

ஒயரின் தடையைக் கணக்கிடலாம். செம்பு ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டில் 1 மீட்டருக்கு 0.0172 ஓம். இதை நீளத்தால் பெருக்கிக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்க வேண்டும். அங்கே போட்டிருந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், தூரம் 110 மீட்டர். போகும் வழியோடு திரும்பும் வழியையும் சேர்க்க வேண்டும், ஆக 220 மீட்டர். 220 × 0.0172 ÷ 1.5 = 2.52 ஓம். இதில் போகும் தூரத்தை மட்டும் போட்டுவிட்டு நிற்பதுதான் பலரும் செய்யும் தவறு.

அளந்தது 3.86. ஒயருக்கு 2.52. மிச்சம் 1.34 ஓம். இது ஒயர் இல்லை, எங்கேயோ ஒரு இடத்தில் குந்தியிருக்கிறது. ஹோஸில் மடிப்பு விழுந்த மாதிரி. 7.25 × 7.25 × 1.34 = 70 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பைவிட அதிகச் சூடு, விரல் நீள இடத்துக்குள். கணக்கு இங்கே வந்ததும் மெயினை ஆஃப் செய்துவிட்டு லைன் வழியாக நடந்தோம்.

மூன்றாவது சில்வர் ஓக் மரத்தில் கிடைத்தது. யாரோ எப்போதோ ஒயர் பற்றாமல் போய் அங்கே ஜாயிண்ட் போட்டிருந்தார்கள். டேப் மேலே பாசி படிந்திருந்தது, கீழ்ப்பக்கம் உருகிக் கறுத்திருந்தது. பிரித்தால் கருகின பிளாஸ்டிக் வாடை. உள்ளே இரண்டே முறுக்கு, செம்பு பச்சை பூத்து, ஒயரைத் தொட்டதுமே உடைந்து கையோடு வந்துவிட்டது. பனிமூட்டமும் மழையும் மாறி மாறி நனைத்த இடம். இன்னும் ஒரு சீசன் போயிருந்தால் அது மரத்தில் தீயாகத்தான் தெரிந்திருக்கும். மூவாயிரம் வாட் கெய்சர் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

பில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்பது. லோ வோல்டேஜில் கெய்சர் அதிக யூனிட் இழுக்குமா? தெருவிலேயே வோல்ட்டேஜ் குறைவு என்றால் இல்லை. வாட் குறைகிறது, நேரம் கூடுகிறது, தண்ணீருக்கு வேண்டிய சூடு ஒன்றேதான், கிட்டத்தட்ட அரை யூனிட் (1000 வாட், அதாவது 1 கிலோவாட், ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). ஆனால் குறைவு மீட்டருக்கு இந்தப் பக்கம், உங்கள் ஒயரில் என்றால் அது உங்கள் காசு. மீட்டர் வழியாகப் போனது 220 × 7.25 = 1595 வாட், கெய்சருக்குக் கிடைத்தது 1392. நடுவில் 203 வாட் தேயிலைச் செடிகளுக்கு மேலே காற்றில் போனது. கட்டும் பணத்தில் எட்டில் ஒரு பங்கு.

இதை மீட்டரை வைத்தே சரிபார்க்கலாம். எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருக்கும், அங்கே 3200. வீட்டில் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எண்ணினோம்: 85. ஒரு மணிக்கு 85 × 60 = 5100. அதை 3200-ஆல் வகுத்தால் 1.594 கிலோவாட். கிளாம்ப் கணக்கோடு ஒட்டிப் போகிறது. கிளாம்ப் மீட்டர் வாங்க வசதியில்லாதவர்கள் இந்த மினுக்கலை எண்ணியே எந்தச் சாதனத்தின் வாட்டையும் கண்டுபிடிக்கலாம், மோட்டார் உள்பட. எதையும் தொட வேண்டாம் என்பதால் புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலையே இதுதான்.

பழைய லைனை எடுத்துவிட்டு, வெளியில் வெயில் மழை தாங்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளை நடுவில் ஜாயிண்ட் இல்லாமல் ஒரே நீளமாகப் போட்டோம். போடுவதற்கு முன்பே கணக்கு நோட்டில் இருந்தது: 220 × 0.0172 ÷ 4 = 0.95 ஓம். காயிலோடு சேர்த்து 27.4. 220-ஐ வகுத்தால் 8.03 ஆம்பியர், வழியில் இழப்பு 7.6 வோல்ட்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போய் அளந்தேன். போர்டில் 220, சாக்கெட்டில் 212, கிளாம்பில் 8.0. கெய்சருக்குப் போவது 1696 வாட். 212-ஐ 8-ஆல் வகுத்து நோட்டில் எழுதினேன். 26.5 ஓம்.